பாத்திரத்தில் சோறு இருக்கிறதா?

சிறுகதைப் போட்டி நடுவர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களே, இதழாசிரியர்களே,

உங்களில் சிலரை நேரில் அறிவேன். பெரும்பாலோருக்கு என்னைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சில ஆண்டுகளாகச் சிறுகதைப் போட்டிகளுக்கு முதற்சுற்று வாசகியாக இருக்கிறேன். மூட்டை மூட்டையாக வரும் கதைகளைப் படித்து, உங்கள் மேசைக்கு வர வேண்டியவற்றைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. எழுதியவர் பெயர் எனக்குத் தெரியாது. கதையின் தலையில் ஓர் எண் மட்டும் இருக்கும்.

இந்த மடல் கதை எண் 87 பற்றியது.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். காலம், இன்னும் நாற்பது ஆண்டு கழித்து. கடலில் மாண்டுபோன மகனின் குரலை அரசாங்கம் ஒரு பெட்டியில் போட்டுத் தாயிடம் கொடுத்திருக்கிறது. பெட்டி அவனைப் போலவே பேசும், கேட்டால் பதில் சொல்லும். ஆண்டுக்கு ஒருமுறை தாலுகா அலுவலகத்தில் போய்ப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. முழுத் தொகை கட்ட முடியாதவர்கள் சொற்களைக் குறைத்துக்கொள்ளலாம். எழுத்தர் ஒரு பட்டியலை நீட்டுவார். வேண்டாத சொல்லுக்கு எதிரே கோடு போட வேண்டும். முதல் ஆண்டு அவள் மகனுடைய கூட்டாளிகளின் பெயர்களை விட்டுக்கொடுக்கிறாள். அடுத்த ஆண்டு வலை, நங்கூரம், வாடைக்காற்று. அதற்கடுத்த ஆண்டு அவன் கோபத்தில் பேசும் சொற்களுக்குக் கோடு போடுகிறாள். ஒரு வாரம் போனதும் அந்தக் கோபத்துக்காக ஏங்கி அழுகிறாள். கடைசியில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் கையில் காசு இருக்கிறது. வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். "சாப்டியா" என்ற சொல்லை வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறாள்.

படித்து முடித்தபோது விடியற்காலை இரண்டு மணி. எழுந்து போய், வெளியூரில் இருக்கும் என் மகனுக்குப் போன் செய்யலாமா என்று யோசித்தேன். கதையை மேல் அடுக்கில் வைத்தேன்.

இறுதிச் சுற்றில் அந்தக் கதை ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஒருவர், "நல்லாத்தான் எழுதியிருக்கார். ஆனா இது அறிவியல் கதை. அதுக்குத் தனியா போட்டி நடத்துறாங்களே, அங்க அனுப்பட்டும்" என்றார். இன்னொருவர் சற்று இளகினார். அந்தப் பெட்டியை நினைவின் குறியீடாக மட்டும் கையாண்டிருந்தால் இலக்கியமாகியிருக்கும், தாலுகா அலுவலகமும் கட்டண விவரமும் அதைக் கெடுத்துவிட்டன என்றார். முதற்சுற்று வாசகிக்கு அந்த அறையில் வாக்கு இல்லை. ஆனால் வாய் இருந்தது. நான் பேசவில்லை. அந்த மௌனம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அடுத்த ஆண்டு ஓர் அறிவியல் சிறுகதைப் போட்டிக்கும் என்னை வாசிக்க அழைத்தார்கள். கட்டைப் பிரித்தால் அதே கதை, வேறோர் எண்ணுடன். மறுபடியும் மேல் அடுக்கில் வைத்தேன். அங்கே வந்த குறிப்பு இது: பெட்டி இயங்கும் விதம் விளக்கப்படவில்லை, இறந்தவர் குரலை இயந்திரம் பேசுவது பழைய கரு, குடும்பக் கதையின் வாடை அதிகம். இரண்டு வீட்டுப் பந்தியிலும் அந்தக் கதைக்கு இலை போடவில்லை. நடந்ததெல்லாம் நல்லெண்ணத்தோடுதான் நடந்தது. நடுவர்கள் எல்லோரும் நன்கு படித்தவர்கள், நேர்மையானவர்கள். அதனால்தான் இதை ஒரு தனிமனிதக் குறையாகப் பார்க்க என்னால் முடியவில்லை. நாம் வாசிக்கப் பழகிய முறையிலேயே ஏதோ கோணல் இருக்கிறது. அதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும்.

என் பழைய வகுப்பறை ஒன்றுக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

பூம்புகாரிலிருந்து அதிக தூரமில்லாத ஊர் அது. ஒன்பதாம் வகுப்பு. மணிமேகலையின் அமுதசுரபியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்றேன். மதிய மணி அடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. சத்துணவுக் கூடத்திலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், அந்தப் பாத்திரத்துல சோறு மட்டுந்தான் வருமா, சாம்பாரும் வருமா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "அமுதசுரபிங்கிறது கருணையோட குறியீடும்மா. அப்படித்தான் எழுதணும்" என்று சொல்லி உட்கார வைத்தேன்.

அந்தப் பெண் சரியாக வாசித்திருந்தாள். தவறாக வாசித்தவள் நான். இது எனக்குப் புரிய வருடங்கள் பிடித்தன.

மணிமேகலையை இயற்றிய சாத்தனாரை எடுத்துப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் என்று மரபு அவரைச் சொல்கிறது. தானியம் விற்றவர், படியும் மரக்காலும் கைக்குப் பழகியவர். அந்தக் கணக்கு அவர் கற்பனையிலும் இருக்கிறது. அமுதசுரபிக்கு அவர் விதிகள் வைக்கிறார். மணிமேகலை கைக்கு வந்த பாத்திரம் தானாக நிரம்புவதில்லை; கற்புடைய பெண் ஒருத்தி முதல் பிச்சை இட வேண்டும். ஆதிரை வந்து இடுகிறாள். அதன்பின் யானைத்தீ என்ற தீராப் பசி நோயால் வாடும் காயசண்டிகைக்கு மணிமேகலை சோறிடுகிறாள். அவள் பசி அடங்குகிறது. பசி இருந்த இடத்தில் சோறு விழுந்து, வயிறு நிறைந்து, ஓர் உடம்பு அமைதியடைகிறது. சாத்தனார் முதலில் சொல்வது இதைத்தான்.

அதைவிட வியப்பு, மணிமேகலைக்கு முன் அந்தப் பாத்திரத்தை வைத்திருந்த ஆபுத்திரனின் வரலாறு; அது காப்பியத்தில் முன்கதையாக வருகிறது. இருள் கவிந்த மழை இரவில் பசித்தவர்கள் வந்து கேட்க, கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவிக்கிறான். சிந்தாதேவி என்ற தெய்வம் பாத்திரத்தைக் கொடுக்கிறது. அவன் புகழ் பெருகுகிறது. இந்திரன் இறங்கி வந்து வரம் தருகிறேன் என்கிறான். ஆபுத்திரன் அவனைப் பொருட்படுத்தவில்லை. இந்திரன் கோபத்தில் என்ன செய்கிறான் தெரியுமா? பாத்திரத்தைப் பிடுங்கவில்லை, உடைக்கவில்லை. வறண்டு கிடந்த பாண்டிய நாட்டில் மழை பெய்ய வைக்கிறான். நாடு செழிக்கிறது. பசித்தவர் எவரும் இல்லாமல் போகிறார்கள். கொடுப்பதற்குக் கையில் வற்றாத பாத்திரம். வாங்குவதற்கு ஓர் ஆள் இல்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். வழியில் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. உலகத்துக்கே சோறு போடக்கூடிய பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தான் மட்டும் உண்பதற்கு மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிர் துறக்கிறான்.

அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் ஒன்று இருந்தால் என்ன ஆகும்? அதற்கு யார் எதிரி? வளம் வந்தால் கொடையின் கதி என்ன? கொடுக்க ஆளில்லாத தீவில் கொடையாளி யார்? ஒரு விந்தையை வைத்துக்கொண்டு, அதன் விதிகளை மீறாமல், கடைசி எல்லை வரை நடந்து பார்த்திருக்கிறார் அந்தத் தானிய வணிகர். இன்று அறிபுனை எனப்படும் அறிவியல் புனைகதையை எழுதுகிறவர் செய்ய விரும்பும் வேலை இதுதான். இன்று தீவிர இலக்கியம் தேடும் ஆழமும் இதுதான். சாத்தனாருக்கு இவை இரண்டு வேலைகளாகத் தெரியவில்லை.

பாத்திரத்தைக் கருணையின் குறியீடு என்று முதல் வரியிலேயே முடித்துவிட்டால் இவ்வளவும் காணாமல் போகும். குறியீட்டுக்கு மழையால் ஆபத்து வராது. குறியீடு தீவில் அநாதையாகாது. அது உண்மையான பாத்திரமாக, அதற்குள் உண்மையான சோறாக இருந்தால்தான் ஆபுத்திரன் துயரம் நமக்குத் துயரம். கருணை என்ற பொருள் பிறகு வரும், வர வேண்டும். ஆனால் சோற்றைத் தொடாமல் கருணைக்குப் போக வழியில்லை.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இவ்வளவுதான்: கதையில் வரும் விந்தையை முதலில் நடந்ததாக வாசியுங்கள். பொருள் தேடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நம் நவீன உரைநடையிலும் இதற்கு முன்னோடி உண்டு. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் மூலையில் வந்து வழி கேட்கிறார். பிள்ளை அவரைக் காபி குடிக்க அழைத்துப் போகிறார், தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார், ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அந்தக் கடவுள் தத்துவமாக மட்டும் வந்திருந்தால் சந்தா கேட்க முடியுமா? ஆயுள் சந்தா என்றதும் யாருடைய ஆயுள் என்ற கேள்வி வருகிறதே, அது கடவுளை நிஜமான ஆளாக நிறுத்தியதால் விளைந்த சிரிப்பு. 'காஞ்சனை'யின் பேயும் அப்படியே. மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவரும் இதே புதுமைப்பித்தன்தான். தமிழ்ச் சிறுகதையின் யதார்த்தத்துக்கு அடித்தளம் போட்டவர் என்று நாம் கொண்டாடும் கைதான், பேயையும் பிரேதத்தையும் கடவுளையும் எழுதியது. அவர் மேசையில் இரண்டு இழுப்பறைகள் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பிறகு எப்படி இரண்டு இழுப்பறை வந்தது?

மேற்கில் அதற்கு ஓர் ஆண்டே குறிக்கலாம். எச். ஜி. வெல்ஸ் 1895இல் 'கால இயந்திரம்' நாவலை வெளியிட்டபோது அறிவியல் புனைகதை என்ற தனி அலமாரி இல்லை. 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் அமெரிக்காவில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கினார். இந்த வகைக் கதைக்கென்றே வந்த இதழ். மலிவுத் தாள், பளிச்சென்ற அட்டை. அன்பான வாசகர் கூட்டம் சேர்ந்தது. அதோடு ஒரு வேலியும் எழுந்தது. அந்த வேலிக்கு உள்ளே எழுதினால் இலக்கியப் பக்கத்தில் இடமில்லை. வெளியே இருந்துகொண்டு அதே விந்தையை எழுதினால் பாராட்டு.

இந்தியாவிலும் வேலிக்கு முந்திய காலம் உண்டு. 1905இல் நம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வங்கத்தின் ரொக்கேயா 'சுல்தானாவின் கனவு' என்ற ஆங்கிலக் கதையை எழுதினார். பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் அந்தப்புரத்தில். வெயிலைச் சேகரித்துச் சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து நீரை இறக்குகிறார்கள். அந்த நாட்டுச் சமையலறையில் புகையில்லை, கரியில்லை. இருபதாண்டுகள் கழித்துப் பிறக்கப்போகும் ஒரு வகைப் பெயரைப் பற்றி அந்த இதழுக்கு என்ன கவலை? பெண்கள் படிக்கும் இதழில், பெண்கள் மூச்சுத் திணறும் சமையலறையைப் பற்றி ஒரு கதை. போட்டார்கள்.

தமிழில் வேலி வேறு விதமாக எழுந்தது. இங்கே பிரிவு கதையின் உள்ளடக்கத்தால் வரவில்லை. அது அச்சான இடத்தால் வந்தது. ஒருபுறம் லட்சக்கணக்கில் விற்ற வார இதழ்களும் தொடர்கதைகளும் மாத நாவல்களும். மறுபுறம் சில நூறு பேர் கைமாற்றிப் படித்த சிற்றிதழ்கள். சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கிக் கைக்காசைப் போட்டு நடத்தியதெல்லாம் வெகுஜன இதழ்களின் வெள்ளத்துக்கு எதிராக ஒரு கரை கட்டத்தான். அந்தக் கரை தேவையாக இருந்தது. அதைக் கட்டியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அறிவியல் புனைகதை தமிழில் பெரிய அளவில் வந்து இறங்கிய துறைமுகம் வார இதழ். கொண்டுவந்தவர் சுஜாதா. எண்பதுகளில் 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ என்ற இயந்திர நாய் ஆனந்த விகடன் வழியாக வீடுவீடாக ஓடியது. கரைக்கு வெளியே வந்து சேர்ந்த சரக்கு என்பதாலேயே அதற்குக் கரைக்குள் அனுமதி கிடைக்கவில்லை.

அதே எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கரையின் உள்பக்கம் என்ன நடந்தது? 1982இல் மார்க்வெஸ் நோபல் பரிசு பெற்றார். மாய யதார்த்தம் என்ற சொல் சிற்றிதழ்களில் புழங்கத் தொடங்கியது. கோணங்கியின் 'கல்குதிரை' அவருக்கென்று சிறப்பிதழே கொண்டுவந்தது. அவர் நாவலில் வரும் மக்கோந்தா ஊரில் நான்கு ஆண்டு, பதினொரு மாதம், இரண்டு நாள் விடாமல் பெய்த மழையை நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடினோம். நானும்தான் கொண்டாடினேன். அந்த மழை இலக்கியம், பேசும் நாய் பொழுதுபோக்கு என்று ஒரே நாவால் சொன்னோம். விந்தையின் அளவு காரணமாக இருந்திருக்க முடியாது. எந்தக் கதவு வழியாக வந்தது என்பதே காரணம்.

சுஜாதாவின் 'நகரம்' கதை நாம் மதிக்கும் பல தொகுப்புகளில் இருக்கிறது. நோயுற்ற மகளோடு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அலையும் கிராமத்துத் தாயின் கதை அது. இருக்க வேண்டிய கதைதான். அவருடைய அறிவியல் கதைகளை அதே கவனத்தோடு எத்தனை பேர் அலசியிருக்கிறோம்? நன்றாக இல்லை என்று சொல்வதற்காகவாவது வாசித்தோமா? பிற்காலத்தில் ஜெயமோகன் 'விசும்பு' தொகுப்பை எழுதினார். இளையவர்கள் பலர் இன்று எழுதுகிறார்கள். வேலியில் சந்துகள் விழுந்துவிட்டன. போட்டி அறைகளில் மட்டும் அது இன்னும் முழுசாக நிற்கிறது.

இதே சண்டையை மேற்கு எப்படிப் போட்டது என்று பார்ப்பதும் நமக்கு உதவும். நாவலாசிரியர் மார்கரெட் அட்வுட் தம் நாவல்களை அறிவியல் புனைகதை என்று அழைப்பதை ஏற்கவில்லை. நடக்கக்கூடியதை எழுதுகிறேன், அது வேறு என்றார். 2009இல் அவருடைய நாவலுக்கு மதிப்புரை எழுதிய அறிபுனை எழுத்தாளர் உர்சுலா லெ குவின், அந்த வரையறை தாழ்வாகக் கருதப்படும் ஒரு சேரிக்குள் தம் நூல்கள் தள்ளப்படாமல் காக்கும் ஏற்பாடு என்று சுட்டினார். அட்வுட் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. இருவரும் மேடையேறிப் பேசினார்கள். 2011இல் இவ்வகை எழுத்தைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரை நூலை அட்வுட் லெ குவினுக்கே காணிக்கையாக்கினார். 2015இல் கசுவோ இஷிகுரோ தம் நாவலில் அரக்கர்களையும் டிராகனையும் கொண்டுவந்தபோது லெ குவின் அவரையும் கடிந்தார். பிறகு அவசரப்பட்டுவிட்டதாக வருத்தமும் தெரிவித்தார். பெரியவர்களின் சண்டை இப்படி இருக்க வேண்டும். முதலில் ஒருவர் நூலை மற்றவர் படித்திருக்க வேண்டும்.

கதை எண் 87 மீது சொல்லப்பட்ட குறைக்கு இன்னொரு நிகழ்வு நேராகவே பதில் சொல்கிறது. அமெரிக்காவில் கறுப்பின அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய இரகசிய வலையமைப்புக்கு 'நிலத்தடி ரயில்பாதை' என்று உருவகமாகப் பெயர். காலின் ஒயிட்ஹெட் தம் நாவலில் அந்த உருவகத்தை நிஜமாக்கினார். நிலத்துக்கு அடியில் உண்மையான சுரங்கம், உண்மையான தண்டவாளம், கரிப்புகை கக்கும் எஞ்சின். 2017இல் அதே நாவலுக்கு புனைகதைக்கான புலிட்சர் பரிசும் கிடைத்தது, அறிவியல் புனைவுக்கான ஆர்தர் சி. கிளார்க் விருதும் கிடைத்தது. தண்டவாளத்தைக் குறியீடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் அந்த நாவலே இல்லை. குரல்பெட்டிக்குக் கட்டணம் எதற்கு, தாலுகா அலுவலகம் எதற்கு என்று நாம் கேட்டோமே, அந்தக் கட்டணம்தான் அந்தக் கதையின் தண்டவாளம். துக்கத்துக்கு விலை வைத்து, அதைத் தவணையில் வசூலித்து, ஏழைத் தாயை வரிசையில் நிற்க வைத்து, எந்தச் சொல் வேண்டும் என்று கேட்கும் உலகம் அது. நினைவின் குறியீடாக மட்டும் பெட்டி இருந்திருந்தால் அவள் மறந்திருப்பாள், அவ்வளவுதான். கட்டணம் இருப்பதால் தன் கையாலேயே கோடு போடுகிறாள்.

உங்கள் தரப்பு எனக்குப் புரியாமலில்லை. ஓராண்டில் எனக்கு வரும் விந்தைக் கதைகளில் பெரும்பகுதி மோசமானவை என்பதை உங்களைவிட நான் நன்றாக அறிவேன். வெள்ளைக் கோட்டுப் பேராசிரியர் இரண்டு பக்கத்துக்கு விளக்கம் சொல்வார். பாத்திரங்களுக்குப் பெயருக்குப் பதில் எண்கள் இருக்கும். கடைசி வரியில் கதாநாயகனும் இயந்திரம் என்று தெரியவரும். இவற்றைப் படித்துச் சலித்த கண், ரோபோ என்ற சொல்லைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பத்தான் செய்யும். ஆனால் ஒன்று கேட்கிறேன். சாய்வு நாற்காலித் தாத்தா, முதியோர் இல்லம், நிறைவேறாத காதல், கடைசியில் மழை என்று வரும் யதார்த்தக் கதைகளும் அதே அளவு வருகின்றனவே? அவற்றைப் படித்துச் சலித்து, இனி தாத்தா வரும் கதையே வேண்டாம் என்று நாம் முடிவு செய்வதில்லை. மோசமான தாத்தாக் கதையை மோசமான கதை என்கிறோம். மோசமான ரோபோ கதையை மட்டும் ரோபோ கதை என்கிறோம்.

அறிவியல் கதைப் போட்டிகளை நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அன்பு இல்லாவிட்டால் இந்த எழுத்து தமிழில் தழைத்திருக்காது. ஆனால் புறக்கணிப்பின் வலி உங்களையும் ஒரு வேலி கட்ட வைத்திருக்கிறது. கரு புதிதா, இயந்திரம் இயங்குமா என்ற இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். ரொக்கேயாவின் கதையில் வெயிலைச் சேகரிக்கும் கருவியின் வரைபடம் இல்லை. அந்தக் கருவியால் யாருடைய கண் எரிச்சல் தீர்ந்தது என்பது இருக்கிறது. குடும்பக் கதையின் வாடை என்று தள்ளினீர்களே, அந்த வாடையில்லாமல் எந்த எதிர்காலத்துக்குப் போகப் போகிறோம்? நாற்பது ஆண்டு கழித்தும் நாகப்பட்டினத்தில் தாய்மார்கள் இருப்பார்கள். "சாப்டியா" என்று கேட்பார்கள்.

ஆகவே என் வேண்டுகோள்களை முறையாக வைக்கிறேன்.

கதையின் முதல் பக்கத்தில் அறிவியல், அமானுஷ்யம், சரித்திரம், சமூகம் என்று வகை எழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள். எழுதியவர் பெயரை மறைக்கிறோம், நடுவரின் சாய்வு கதையைத் தொடக்கூடாது என்பதற்காக. வகைப் பெயரும் அதே சாய்வைத்தான் உண்டாக்குகிறது. அதையும் மறையுங்கள்.

விந்தை வரும் கதையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு என்ன விதி? அந்த விதியைக் கதை தனக்கு வசதியான இடத்தில் மீறுகிறதா? இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? மழை வந்ததும் ஆபுத்திரன் விலை கொடுத்தான். சொல்லுக்குக் கோடு போட்டு அந்தத் தாய் விலை கொடுத்தாள். விலை கொடுப்பவர் ஒருவரும் இல்லாத கதையை நீங்கள் தாராளமாகத் தள்ளலாம். நான் மறுபேச்சு பேச மாட்டேன்.

இது எதற்குக் குறியீடு என்ற கேள்வியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கதை அந்தக் கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில் தரும். முதலிலேயே கேட்டால் ஒரே பதில்தான் வரும், அதுவும் நம்முடையதாக இருக்கும்.

தீவிர இலக்கியப் போட்டியின் நடுவர் குழுவில் அறிபுனையை நேசித்துப் படிக்கிற ஒருவரை அமர்த்துங்கள். அறிபுனைப் போட்டியின் குழுவில் சிறுகதை இலக்கணத்தில் ஊறிய ஒருவரை அமர்த்துங்கள். ஒருவர் கதையை மற்றவர் படிக்கட்டும். லெ குவினும் அட்வுட்டும் செய்தது அதுதான்.

இதழாசிரியர்களே, உங்களிடம் ஒன்று. இவ்வகைக் கதைகளுக்கென்று ஆண்டுக்கு ஒரு சிறப்பிதழ் போட்டு மனநிறைவு கொள்ளாதீர்கள். விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைத்து உபசரிப்பது மரியாதைதான்; ஆனால் திண்ணையோடு நிறுத்துவது மரியாதையில்லை. மாதாந்திர இதழில், கிராமத்துக் கதைக்கும் நகரத்துக் கதைக்கும் நடுவே, தனித் தலைப்பில்லாமல் ஒரு விந்தைக் கதையைப் போடுங்கள். வாசகர் பார்த்துக்கொள்வார்.

நானும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்த அறையிலும் கதை எண் 87 போன்ற ஒன்று தள்ளப்படும்போது நான் வாய் திறப்பேன். வாக்கு இல்லாவிட்டாலும் பேசுவேன். என்னைப் போன்ற முதற்சுற்று வாசகர்கள் எல்லோரும் பேச வேண்டும். உங்கள் மேசைக்கு எது வருகிறது என்பதில் எங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது.

அந்த மூன்றாவது பெஞ்சுச் சிறுமி அன்று உட்கார்ந்த பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் கேட்கவில்லை. தேர்வில் அமுதசுரபி கருணையின் குறியீடு என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். இன்று புரிவது அன்று புரிந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதியிருப்பேன். சாம்பார் வருமா? வந்தால் யாருக்கு எது பிடிக்கும் என்று பாத்திரத்துக்கு எப்படித் தெரியும்? எல்லோருக்கும் ஒரே சோறுதானா? பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவருக்கும் அதே சூடு இருக்குமா? நாளைக்கு யோசித்து எழுதி வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். நாற்பது பிள்ளைகளில் இரண்டு பேராவது கதை எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள்.

அடுத்த போட்டிக்கான கட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. நேற்று மாலை முதல் கட்டைப் பிரித்தேன். மூன்றாவது கதையிலேயே, காவிரி ஒரு நாள் வருகிறது, வந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டித் தங்க இடம் கேட்கிறது. வீட்டுக்காரம்மாள், "கால் ஈரத்தோட உள்ள வராதே" என்கிறாள். மேல் அடுக்கில் வைத்திருக்கிறேன். உங்கள் மேசைக்கு வரும். தயவுசெய்து முதலில் அந்த ஈரத்தைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் முதற்சுற்று வாசகி